கொஞ்சம் களைப்பு

லா ரிபியேர், குரூஸ், பிரான்ஸ்
14 அக்டோபர் 2018

அன்புள்ள தெல்மா அக்காவுக்கு,

ஹேஸல் எழுதுகிறேன். நானும் கிளிஃபர்டும் சௌக்கியம். உன் முழங்கால் எப்படி இருக்கிறது? கிரிம்ஸ்பி கடல்காற்று அதற்கு ஆகாது என்று எத்தனை தடவை சொல்லியாயிற்று, நீயா கேட்பாய்.

இனிமேல் போன் வேண்டாம், கடிதம்தான் என்று நீ சொன்னது சரிதான். போனில் பேசினால் சுற்றிச் சுற்றி அந்த ஓட்டிலேயே போய் முட்டிக்கொள்கிறோம். நீ அங்கே உட்கார்ந்து 'ஐரோப்பாவே வேண்டாம்' என்று ஓட்டுப் போட்டுவிட்டாய். நான் இங்கே எழுபத்திரண்டு வயதில் குடியிருப்பு அட்டைக்கு மனுப் போட்டுக்கொண்டிருக்கிறேன். பார், ஆரம்பித்துவிட்டேன். கடிதத்தில் நல்ல விஷயம், நீ ரிசீவரைப் பாதியில் வைக்க முடியாது.

வியாழக்கிழமை தோறும் சதுக்கத்துக்கு வறுத்த மீன் வண்டி வருகிறது. சுற்றுவட்டாரத்து இங்கிலாந்துக்காரர்கள் எல்லோரும் அங்கேதான். மீன் பொரிகிற வரைக்கும் ஒரே பேச்சு: திரும்பிப் போவதா, இருப்பதா. வீட்டை விற்றால் வாங்க ஆள் உண்டா. செப்டிக் டேங்கைப் பரிசோதிக்க வருகிறவன் என்ன கேட்பான். ஞாயிற்றுக்கிழமை வேட்டைக்காரர்கள் நம் தோட்டத்துக்குள் நாயை விட்டால் கேட்கலாமா கூடாதா. எனக்கு இதில் எதற்கும் பயமில்லை. பிரெஞ்சு சம்பந்தப்பட்டதெல்லாம் கிளிஃப் இலாகா. பேக்கரியிலிருந்து வங்கி வரை அவர் பேசுவார், நான் பக்கத்தில் நின்று சிரிப்பேன்.

அவர்தான் கொஞ்சம் மெலிந்திருக்கிறார். பெல்ட்டில் ஆணி வைத்துப் புது ஓட்டை போட்டுக்கொண்டார். தோட்ட வேலை அதிகம் என்கிறார். பக்கத்துப் பண்ணை ஜோசெட் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று அவரையே பார்த்துக்கொண்டிருந்தவள், என்னிடம் மெதுவாக, 'மிஸ்யூ ஃபத்திகே' என்றாள். அந்த வார்த்தை எனக்குத் தெரியும் அக்கா, முதல் வருஷமே கற்றுக்கொண்டது. களைப்பாக இருக்கிறார் என்று அர்த்தம். நானும் என் நெஞ்சில் கைவைத்து, 'நானும்தான் ஃபத்திகே' என்றேன். அவள் ஒரு மாதிரி பார்த்தாள். சாயங்காலம் ஒரு பானை கேரட் சூப்போடு வந்து நிற்கிறாள்! பதினாலு வருஷத்தில் எங்கள் வாசல்படி மிதிக்காதவள். ஒருவழியாக இவர்களுக்கு நம்மைப் பிடித்துவிட்டது போல.

கிளிஃப் உன்னை விசாரித்தார். குளிருக்கு முன்னால் ஜன்னலைச் சரி பார்.

உன் தங்கை,
ஹேஸல்


கிரிம்ஸ்பி, இங்கிலாந்து
2 நவம்பர் 2018

அன்புத் தங்கச்சி ஹேஸலுக்கு,

நான் இருக்கிறேன். முழங்காலும் இருக்கிறது, ஒன்றையொன்று திட்டிக்கொண்டு.

ஓட்டுப் பேச்சை நீதான் ஆரம்பித்தாய் என்று குறித்துக்கொள்கிறேன். பதினாலு வருஷம் ஒரு நாட்டில் இருந்துவிட்டு, வணக்கம், நன்றி, களைப்பு என்று மூன்று வார்த்தை வைத்துக்கொண்டு குடித்தனம் நடத்துகிறவள் நீ ஒருத்தியாகத்தான் இருப்பாய். கிளிஃபுக்கு ஒரு நாள் தொண்டை கட்டினால் ரொட்டி வாங்க என்ன செய்வாய்?

அவர் எவ்வளவு மெலிந்திருக்கிறார்? ஒரு ஓட்டையா, இரண்டா? சாப்பாடு இறங்குகிறதா? என்னைக் கட்டிய நார்மனும் பெல்ட்டில்தான் ஆரம்பித்தான். பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. டாக்டரிடம் காட்டினீர்களா, அதை மட்டும் எழுது.

நல்ல தேயிலை ஒரு பொட்டலம் அனுப்பியிருக்கிறேன். அங்கே கிடைக்கிற தூசியைக் குடிக்காதே.

உன் அக்கா,
தெல்மா


லா ரிபியேர்
29 நவம்பர் 2018

அன்புள்ள அக்காவுக்கு,

தேயிலை வந்தது. பொட்டலத்தைப் பிரித்ததும் கிளிஃப் மூக்கை உள்ளே விட்டு முகர்ந்தார், ஆனால் அரைக் கோப்பை கூடக் குடிக்கவில்லை. நாக்கு மரத்துவிட்டது என்கிறார். நான் நன்றாகவே இருக்கிறேன். நீயும் அப்படியே இருப்பாய் என்று நம்புகிறேன்.

உன் நச்சரிப்புக்காகவே டாக்டரிடம் போனோம். முதலில் இங்கே, பிறகு பெரிய ஆஸ்பத்திரியில் படம் எடுத்து, நேற்று முடிவு சொல்ல மறுபடி கூப்பிட்டிருந்தார்கள். டாக்டர் நரைத்த தலை, நல்ல பெண்மணி. கிளிஃபைப் பார்த்து நீளமாகப் பேசினாள். நடுநடுவே என்னையும் பார்த்தாள். என்னைப் பார்க்கும்போதெல்லாம் நான் சிரித்துத் தலையாட்டினேன், மரியாதைக்கு. 'பாலியத்தீஃப்' என்று ஒரு வார்த்தை இரண்டு மூன்று தடவை வந்தது. கிளம்பும்போது என் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. நான் 'மெர்சி டாக்டர், மெர்சி' என்றேன்.

காரில் ஏறியதும் கேட்டேன். "என்னவாம்?"

"ஒண்ணுமில்ல. ரத்தத்துல சத்து குறைஞ்சிருக்காம். வயசாச்சு, வேற என்ன? ரெஸ்ட் எடுக்கச் சொல்றா."

"அந்த பாலியத்தீஃப்?"

"அதுவா, அது ஊசி போடற டிபார்ட்மென்ட் பேரு. சத்து ஊசி. நர்ஸ் வீட்டுக்கே வருவாளாம். பாரு, உங்கக்கா ஊர்ல வீடு தேடி வருவாங்களா?"

ஆக, உன் கவலை தீர்ந்தது. முகம் கொஞ்சம் மஞ்சளாக இருக்கிறதே என்றேன். "ஜோசெட்டோட கேரட் சூப்ப வாரத்துக்கு மூணு நாள் குடிச்சா வேற எப்படி இருக்கும்?" என்றார். விழுந்து விழுந்து சிரித்தோம்.

ஜோசெட்டும் விடுவதாக இல்லை. தினமும் வேலியோரம் வந்து, 'ரொம்ப ஃபத்திகே' என்கிறாள். நானும் ரொம்ப என்கிறேன். நேற்று அவள் புருஷன் தொப்பியைக் கழற்றிவிட்டு என்னிடம் பேசினான்!

கிறிஸ்துமஸுக்குத் தனியாக உட்கார்ந்திருக்காதே, யாரையாவது கூப்பிடு.

உன் தங்கை,
ஹேஸல்


கிரிம்ஸ்பி
11 ஜனவரி 2019

அன்புள்ள ஹேஸலுக்கு,

நீ அனுப்பிய கிறிஸ்துமஸ் அட்டைக்கும் பதில் போடவில்லை, கடிதத்துக்கும் போடவில்லை. கோபம் என்று நினைக்காதே. உன் கடிதத்தைச் சமையலறை மேஜையில் வைத்து வாய்விட்டுப் படித்தேன். அப்புறம் என்ன எழுதுவது என்று தெரியாமல் நாள் போய்விட்டது.

வியாழக்கிழமை மீன் வண்டிக்குப் போய் அந்தக் கும்பலோடு வாயாடிக்கொண்டு நிற்க வேண்டாம். வீட்டில் இரு. அவரோடு உட்கார்ந்து சாப்பிடு. பழைய போட்டோக்களை எடுத்துப் பாருங்கள். சண்டை போடாதே, நீ சண்டைக்காரி.

பிரான்ஸில் கால் வைக்க மாட்டேன் என்று சொன்னேன் அல்லவா. ஏப்ரலில் வரலாம் என்று பார்க்கிறேன். ஓட்டைப் பற்றிப் பேச மாட்டேன், சத்தியமாக.

கதகதப்பாக இரு.

அக்கா


லா ரிபியேர்
3 பிப்ரவரி 2019

அன்புள்ள அக்காவுக்கு,

முதலில் உன் உடம்புக்கு என்ன? நீ சத்தியம் செய்து நான் பார்த்ததே இல்லை. ஒரு கேலி இல்லை, ஒரு திட்டு இல்லை. கிளிஃப் எப்படி இருக்கிறார் என்று ஒரு வரி கேட்கவில்லை. போன கடிதத்தில் பெல்ட் ஓட்டையை எண்ணச் சொன்னவள்! யாரோ உன் கையைப் பிடித்து எழுதிய மாதிரி இருந்தது.

அதை விடு, போன் செய்தாயாமே? கோழிகளுக்குத் தீனி போட்டுவிட்டு உள்ளே வருகிறேன், கிளிஃப் ரிசீவரை வைத்துக்கொண்டிருக்கிறார். "உங்கக்கா, புத்தாண்டு வாழ்த்து சொன்னா" என்கிறார். ஜனவரி பாதிக்கு மேல் என்ன புத்தாண்டு? நான் கோழிக்கூட்டில் ரொம்ப நேரம் இருந்தேன், போகும்போதே மணி அடித்த சத்தம் கேட்டது. அவ்வளவு நேரம் வாழ்த்தா?

இங்கே புதுக் கூத்து என்னவென்றால், என்னைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்திருக்கிறார். உருளைக்கிழங்கு உரிக்க உட்கார்ந்தால் பிரெஞ்சுப் பாடம் ஆரம்பம். பதினாலு வருஷம் கேட்காதவர், இப்போது விடமாட்டேன் என்கிறார். கொதிகலன் நின்றுவிட்டது. தொட்டி நிரம்பிவிட்டது. மெதுவாகப் பேசுங்கள். இந்தக் கையெழுத்து என்னுடையது. ஒவ்வொன்றையும் தப்பில்லாமல் சொன்னால்தான் அடுத்த கிழங்கு.

"இதெல்லாம் எனக்கெதுக்கு கிளிஃப்? நீங்கதான் இருக்கீங்களே."

"எனக்குத் தொண்ட கட்டினா? உங்கக்காதான கேட்டா?"

உன் வேலை இது! 'வீட்டில் நான் தனியாக இருக்கிறேன்' என்று ஒரு வாக்கியம். ரிப்பேர்காரன் வரும்போது சொல்ல வேண்டுமாம். அதை ரொம்ப நாள் பழக்கினார். உச்சரிப்பு நன்றாக வந்துவிட்டது என்ற பெருமையில் வேலியோரம் போய் ஜோசெட்டிடம் சொல்லிக் காட்டினேன். அவள் என்னைக் கட்டிக்கொண்டு அழுகிறாள். நான் பிரெஞ்சு பேசியது அவளுக்கு அவ்வளவு சந்தோஷம்.

ஒரே ஒரு சண்டை போட்டேன், மன்னித்துக்கொள். அடுத்த குளிர்காலத்துக்கான விறகு வந்தது. எப்போதும் கொட்டுவதில் பாதிதான் கொட்டிவிட்டுப் போகிறான். "உங்கள ஏமாத்திட்டான்" என்று கத்தினேன். கிளிஃப் நாற்காலியிலிருந்து எழுந்திருக்கவில்லை. "போதும் ஹேஸல். அடுத்த வருஷம் குளிர் குறைவா இருக்குமாம், பேப்பர்ல போட்டிருந்தான்" என்றார். எந்தப் பேப்பரில் அடுத்த வருஷக் குளிரைப் போடுகிறான்? விறகுக்காரனிடமும் பேசிச் சமாளிக்க முடியாமல் போய்விட்டதே இவருக்கு என்று வருத்தமாக இருந்தது.

ஏப்ரலில் நீ வருவது நிஜம்தானே? மாடி அறையைத் துடைத்து வைக்கிறேன்.

உன் தங்கை,
ஹேஸல்


கிரிம்ஸ்பி
20 பிப்ரவரி 2019

அன்புள்ள ஹேஸலுக்கு,

என் உடம்புக்கு ஒன்றுமில்லை. ஜலதோஷம்.

போன் செய்தது நார்மன் விஷயமாக. அவன் போன நாள் ஜனவரியில்தானே வருகிறது, மனசு கஷ்டமாக இருந்தது, கிளிஃப் ஆறுதலாக நாலு வார்த்தை பேசினார். வேறு ஒன்றுமில்லை.

பாடத்தை ஒழுங்காகப் படி. அவர் சொல்லிக் கொடுக்கும்போது வாயாடாமல் கேட்டுக்கொள். விறகுக்காகச் சண்டை போடாதே.

ஏப்ரல் பத்தாம் தேதிக்கு டிக்கெட் எடுத்துவிட்டேன்.

அக்கா


லா ரிபியேர்
24 மார்ச் 2019

தெல்மா,

நலம் விசாரிக்க எனக்குத் தெம்பில்லை.

வியாழக்கிழமை மீன் வண்டிக்குப் போனேன். நீ போகாதே என்றாய், ஏன் என்று இப்போது தெரிகிறது. அங்கே வழக்கமான வாக்குவாதம்: நாமெல்லாம் பிரெஞ்சு கற்க வேண்டுமா, வேண்டாமா. முப்பது வார்த்தை போதும், மீதிக்குக் கை இருக்கிறது என்று ஒருவன் சொன்னான். நான் அவன் கட்சி பேசினேன். "எனக்கு ஒரு வார்த்தையே போதும்பா. ஜோசெட் தினமும் கிளிஃபப் பார்த்து ஃபத்திகேங்கிறா, நானும் ஃபத்திகேங்கிறேன். சிநேகம் அப்படி வளர்ந்துபோச்சு" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். மார்ஜரி சிரிக்கவில்லை. முப்பது வருஷமாக இங்கே இருப்பவள், அவள் முதல் புருஷன் இந்தப் பக்கத்துக்காரன். என் கையைப் பிடித்து வண்டிக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போனாள்.

"ஹேஸல், ஜோசெட் எத்தன நாளா இப்படிச் சொல்றா?"

"அக்டோபர்லேருந்து."

"ரொம்பன்னு சேத்து சொல்றாளா?"

"ஆமா. ஏன், அவர் களைப்பாத்தான இருக்காரு?"

"இந்தப் பக்கத்து ஜனங்க அந்த வார்த்தைய சும்மா சொல்ல மாட்டாங்க. ஒருத்தர் சாகக் கிடக்காருன்னு நேரா சொல்றது மரியாதை இல்லையாம். களைப்பா இருக்காருன்னுதான் சொல்வாங்க. ரொம்பக் களைப்புன்னா, முடிஞ்சாச்சுன்னு அர்த்தம். டாக்டர் உன்கிட்ட என்ன சொன்னாங்க?"

நான் பாலியத்தீஃப் என்றேன். அவள் என் கையை விட்டுவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

ஐந்து மாதமாக இந்த ஊரில் எல்லோருக்கும் தெரியும். மாடுகளைத் தவிர எல்லோருக்கும். நானும் ரொம்பக் களைப்பு என்று சொல்லிச் சொல்லி, நாங்கள் இரண்டு பேருமே ஒன்றாகப் போகப்போகிறோம் என்று நினைத்திருக்கிறார்கள். அதனால்தான் சூப். அதனால்தான் தொப்பி. அந்த டாக்டர் என் புருஷன் சாகப்போகிறார் என்று என் முகத்துக்கு நேரே சொன்னாள் தெல்மா, நான் சிரித்துத் தலையாட்டி நன்றி சொல்லிவிட்டு வந்தேன். அவள் என்னைப் பற்றி என்ன நினைத்திருப்பாள்?

ஆறிப்போன மீனோடு வீட்டுக்கு வந்தேன். "என்ன இவ்ளோ லேட்டு?" என்றார். கூட்டம் என்றேன். தட்டில் வைத்துக் கொடுத்தேன். நாலு துண்டு உருளைக்கிழங்கு தின்றுவிட்டு, ருசியாக இருக்கிறது என்று பொய் சொன்னார்.

உனக்கு டிசம்பரிலேயே தெரியும். நான் எழுதிய அந்த ஒரு வார்த்தையிலேயே தெரிந்துகொண்டாய். அவருக்குப் போன் செய்தாய், இரண்டு பேரும் பேசி வைத்துக்கொண்டீர்கள். நார்மன் பெயரைச் சொல்லிப் பொய் எழுத உனக்கு எப்படிக் கை வந்தது?

ஏப்ரலில் வராதே.

ஹேஸல்


கிரிம்ஸ்பி
2 ஏப்ரல் 2019

ஹேஸல் கண்ணே,

டிக்கெட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். நீ வா என்றால் அடுத்த நாளே புறப்படுவேன்.

ஆமாம், தெரியும். அந்த வார்த்தை இங்கேயும் அதேதான், 'பேலியேட்டிவ்', உச்சரிப்புதான் வேறு. நார்மன் கடைசியாகப் படுத்திருந்த வார்டின் கதவில் எழுதியிருந்தது. இனிமேல் குணமாக்க முடியாது, வலி தெரியாமல் மட்டும் பார்த்துக்கொள்வோம் என்கிற வார்டு. நீயும் அந்தக் கதவைத் தாண்டி அவனைப் பார்க்க வந்தவள்தான். நீ எழுதியதை வாய்விட்டுப் படித்தபோதுதான் எனக்கு உறைத்தது.

போன் செய்து, அவளிடம் சொல்லுங்கள் என்று சண்டை போட்டேன். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "தெல்மா, பதினாலு வருஷமா அவளுக்காக நான்தான் பேசறேன். இத மட்டும் அவளே கேக்கணுமா? கொஞ்ச நாளுக்கு அவ சிரிச்சிட்டு இருக்கட்டும். எனக்கு அதப் பாக்கணும்." அப்புறம் அவர் அழுதார். கிளிஃப் அழுது நான் கேட்டதில்லை. சரி என்று சொல்லிவிட்டேன். என்னை என்ன வேண்டுமானாலும் திட்டு.

ஆனால் ஒன்று கேள். உனக்குத் தெரியும் என்பதை அவரிடம் சொல்லிவிடு. நானும் நார்மனும் எல்லாவற்றையும் பேசினோம். பேசி ஒன்றும் நடந்துவிடவில்லை, ஆனால் அழும்போது இரண்டு பேராக அழுதோம். அவரைத் தனியாகச் சுமக்க விடாதே. நாளைக்கு நீ வருத்தப்படுவாய்.

சாப்பிடு.

உன் அக்கா,
தெல்மா


லா ரிபியேர்
12 மே 2019

அன்புள்ள அக்காவுக்கு,

பதில் எழுத இவ்வளவு நாளாகிவிட்டது. உன்மேல் கோபம் தீரவில்லை, ஆனால் இங்கே வேறு யாரிடம் பேசுவது? நீ நலமா?

சொல்ல முயற்சி செய்தேன். எத்தனையோ தடவை. காலையில் தேநீர் வைத்துவிட்டு எதிரில் உட்காருவேன். வாயைத் திறப்பேன். அவர் உடனே, "சரி, நேத்து எங்க விட்டோம்? 'வாடகைக்கு விடறதில்ல', சொல்லு பாப்போம்" என்பார். சொல்ல வந்ததை விட்டுவிட்டு அதைச் சொல்வேன். சரியாகச் சொன்னால் அவர் முகம் மலர்கிறது அக்கா. அந்த மஞ்சள் முகம். அதைப் பார்த்துவிட்டு எதைச் சொல்வது?

சில சமயம் வெறுப்பாகக்கூட இருக்கிறது. படுக்கையில் முதுகைக் காட்டிப் படுத்திருக்கிற மனுஷனைப் பார்த்து, நான் என்ன குழந்தையா, என் வாழ்க்கையை என்னிடம் சொல்ல உனக்கு வாயில்லையா என்று கத்த வேண்டும் போலிருக்கிறது. உடனே, இத்தனை வருஷம் சின்னக் குழந்தை மாதிரி அவர் பின்னால் நின்று சிரித்தது யார் என்று என்னையே கேட்டுக்கொள்கிறேன். வார்த்தைகளைக் கற்க சோம்பல் பட்டவள் நான். அவர் மறைத்தார் என்றால், மறைக்க இடம் கொடுத்ததும் நான்தான்.

குடியிருப்பு அட்டைக்கு கெரே நகரத்துக்குப் போய் வந்தோம். வர வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன், கேட்கவில்லை. தலையணை ஒன்றைக் காரில் போட்டுக்கொண்டு போனோம், மார்ஜரி ஓட்டினாள். கவுண்டரில் இரண்டு பேருக்கும் அவரே பேசினார். விரல் ரேகை வைக்கும்போது அவர் கையை அந்த அதிகாரிப் பெண் பிடித்துக்கொண்டாள், அவ்வளவு நடுக்கம். அட்டை பத்து வருஷத்துக்குச் செல்லும் என்று அவள் பிரெஞ்சில் சொன்னாள். அதைக் கேட்டுவிட்டு கிளிஃப் சிரித்தார், உண்மையான சிரிப்பு, இருமல் வருகிற வரைக்கும். "என்ன சிரிப்பு?" என்றேன். "போட்டோல நான் ரொம்ப அழகா இருக்கேனாம், அந்தம்மா சொல்றா" என்றார்.

அவள் அப்படிச் சொல்லவில்லை. எனக்குப் புரிந்தது. எண்கள் இப்போது எனக்கு நன்றாகப் புரிகின்றன.

வருவதாக இருந்தால் வா. ஆனால் உனக்கும் எதுவும் தெரியாத மாதிரி வா.

உன் தங்கை,
ஹேஸல்


கிரிம்ஸ்பி
30 ஜூன் 2019

அன்பு ஹேஸலுக்கு,

வீடு வந்து சேர்ந்தேன். கப்பலில் தூக்கமில்லை, மற்றபடி பத்திரம். நீ சாப்பிட்டாயா? ஜோசெட்டிடம் உன்னைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிக் கையைக் காட்டிப் பேசிவிட்டு வந்தேன். அவளுக்கு என்ன புரிந்ததோ.

மே கடைசியில் நான் வந்திருந்த ஒரு வாரமும் நாம் மூன்று பேரும் நல்ல நடிகர்களாக இருந்தோம். கிளிஃப் என்னிடம் வானிலை பேசினார். அப்புறம் மூன்று வாரத்தில் மறுபடி வந்தது கல்லறைக்கு. குழியருகில் நீ அழவில்லை. ஊரே அழுதது, நீ அழவில்லை. அங்கே கேட்க வாய் வரவில்லை, இப்போது கேட்கிறேன். ஆஸ்பத்திரியில் கடைசி நாட்களில் நீங்கள் இரண்டு பேர்தானே இருந்தீர்கள். சொன்னாயா? கடைசி வரைக்கும் சொல்லவே இல்லையா?

இங்கே உனக்கு அறை தயார். பெரிய ஜன்னல் உள்ள அறை. வீட்டை விற்கிற வேலையை மார்ஜரி பார்ப்பாள். அந்தக் காட்டில் தனியாக இருந்து என்ன செய்யப்போகிறாய்? வந்துவிடு. ஓட்டைப் பற்றி நீ எவ்வளவு வேண்டுமானாலும் பேசலாம்.

உன் அக்கா,
தெல்மா


லா ரிபியேர்
18 ஜூலை 2019

அன்புள்ள தெல்மா அக்காவுக்கு,

கடிதம் வந்தது. நான் சாப்பிடுகிறேன், தூங்குகிறேன், கோழிகள் முட்டையிடுகின்றன. உன் முழங்காலுக்குக் கப்பல் பயணம் ஒத்துக்கொண்டதா?

நேற்று ஜோசெட் வேலிக்கு வந்து எப்படி இருக்கிறாய் என்று கேட்டாள். உடம்பெல்லாம் அடித்துப்போட்ட மாதிரி இருந்தது. அந்த வார்த்தை உதடு வரைக்கும் வந்துவிட்டது. விழுங்கிவிட்டு, பரவாயில்லை என்றேன். சூப் கொண்டுவந்தாள்.

அறைக்கு நன்றி. இப்போதைக்கு வரவில்லை. போன வாரம் விறகுக்காரனுக்கு நானே போன் செய்தேன். மெதுவாகப் பேசுங்கள் என்றேன். வீட்டில் நான் தனியாக இருக்கிறேன் என்றேன். அவர் பாதிதான் வாங்கினார், மீதிப் பாதியும் எனக்கு வேண்டும் என்றேன். கடைசி வாக்கியத்தை யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை, நானே கோத்தேன். அவன் சிரிக்கவில்லை. வெள்ளிக்கிழமை கொட்டிவிட்டுப் போனான்.

நீ கேட்டதற்கு வருகிறேன். சொல்லவில்லை.

சொல்லிவிடுவது என்று அன்றைக்குத் தீர்மானித்துத்தான் ஆஸ்பத்திரிக்குப் போனேன். உன் கடிதத்தைக் கைப்பையில் வைத்திருந்தேன், தைரியத்துக்கு. அவர் கட்டிலில் தலையைத் தூக்கி வைத்து, ஜன்னல் பக்கம் பார்த்துப் படுத்திருந்தார். நான் நாற்காலியை இழுத்துப் போட்டு அவர் கையைப் பிடித்தேன். "கிளிஃப்" என்று ஆரம்பிக்கும்போது நர்ஸ் உள்ளே வந்தாள். சின்னப் பெண். மருந்துப் பையை மாற்றிக்கொண்டே என்னைப் பார்த்துப் புன்னகைத்துவிட்டு, அவரிடம் பிரெஞ்சில் கேட்டாள்:

"உங்க சம்சாரத்துக்குத் தெரியுமா?"

"தெரியாது," என்றார். "அவளுக்கு பிரெஞ்சு வராது."

"இன்னும் கொஞ்ச நாள்தான் இருக்கு. அவங்களும் மனசத் தயார் பண்ணிக்க வேணாமா?"

"அவ ராத்திரி நல்லாத் தூங்குறாம்மா. அது போதும் எனக்கு. மத்ததெல்லாம் சொல்லிக் கொடுத்துட்டேன். இது ஒண்ணு பாக்கி இருந்துட்டுப் போகட்டும்."

பதினாலு வருஷத்தில் ஒரு பிரெஞ்சுப் பேச்சு முதல் வார்த்தையிலிருந்து கடைசி வார்த்தை வரைக்கும் எனக்குப் புரிந்தது அன்றைக்குத்தான் அக்கா. உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டே அவர் எனக்குள் போட்ட வார்த்தைகள், ஒன்றுகூடத் தவறவில்லை.

அவர் என் பக்கம் திரும்பினார். நான் எப்போதும் கேட்பதைக் கேட்டேன்.

"என்ன சொல்றா?"

"உனக்கு காபி வேணுமான்னு கேக்குறா."

"வேணும்னு சொல்லுங்க," என்றேன். "பால் ஊத்தி."

அவர் அவளிடம் சொன்னார். அந்தப் பெண் கொஞ்ச நேரம் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள், அப்புறம் போய்க் கொண்டுவந்தாள். சர்க்கரை போட மறந்திருந்தாள். ஒரு கையில் அவர் கையைப் பிடித்துக்கொண்டு முழுவதையும் குடித்தேன். நல்லா இருக்கா என்று கேட்டார். நல்லா இருக்கு என்றேன்.

குளிருக்கு முன்னால் ஜன்னலைச் சரி பார்.

உன் தங்கை,
ஹேஸல்